என் பெயரில் ஒரு கற்குவியல்

தோஸ் அகுவாதாஸ்
ஜூலை 17

அன்பு மகள் தெல்ஃபினாவுக்கு,

அப்பா எழுதுவது. பில்பாவோவில் நீயும் உன் ரொட்டிக்கடை அடுப்பும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே உன் அம்மா நலம், ஆடுகள் நலம், நானும் நலம். நான் நலம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே என்னைச் சாகடித்துவிட்டார்கள். காஃபயாத்தேயிலிருந்து வாரத்தில் ஆறு நாள் சுற்றுலா வேன் வருகிறது. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வந்து, நம் பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரியும் இடத்தில் இறக்கி, அங்கே இருக்கும் கற்குவியலைக் காட்டி, அனஸ்தாசியோ குவாய்மாஸ் என்ற கிழவன் இந்த இடத்தில்தான் வழி தவறித் தாகத்தில் செத்துப்போனான் என்று சொல்கிறார்கள். செத்தான் என்பதைக்கூட மன்னிப்பேன், என்றைக்கோ ஒருநாள் உண்மையாகப் போகிற பேச்சுதான். வழி தவறி என்கிறார்கள். எந்தப் பாறைக்குப் பின்னால் எத்தனை மணிக்கு நிழல் விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன் நான். அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி பூமித்தாய்க்குப் படைக்கும்போது பள்ளத்தாக்கின் வாயில் குழியைத் திறக்கும் மண்வெட்டி ஊரில் மூத்தவன் கையில்தான் இருக்க வேண்டும், பதினொரு வருடமாக அது என் கையில் இருக்கிறது. இந்த வருடம் படம் பிடிக்க ஆட்கள் வருகிறார்களாம், செத்துப்போனதாகச் சொன்ன ஆள் மண்வெட்டியோடு படத்தில் நின்றால் சுற்றுலாக் கம்பெனிக்கு அவமானமாம், அதனால் கிரிசாந்தோ திறக்கட்டும் என்று ஊர்க்குழு பேசி, மண்வெட்டியையும் அவன் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கிரிசாந்தோ என்னைவிட நான்கு வயது சின்னவன். மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவனுக்கு இன்னும் யாராவது சொல்லித்தர வேண்டும்.

உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கு இது சிரிப்பாக இருக்கிறது. விஷயம் காதில் விழுந்த அன்று மத்தியானம் தட்டை வைத்துவிட்டு, “செத்தவரே, லோக்ரோ சூடா வேணுமா, இல்ல உங்களுக்கு இனிமே சூடு குளிரு ஒண்ணும் தெரியாதா” என்று கேட்டாள். மறுநாள் என் நல்ல சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு, “அடக்கத்துக்கு வேணும்ல” என்றாள். முழங்கால் வலி அவளுக்கு அப்படியே இருக்கிறது, நாக்குக்கு மட்டும் ஒரு வலியும் வருவதில்லை. நீ அனுப்பிய களிம்பை அவள் காலுக்குப் போடாமல் கறுப்பு ஆட்டின் மடிக்குப் போடுகிறாள். ஆடு தேறிவிட்டது. அடுத்த முறை இரண்டு டப்பா அனுப்பு, ஒன்றின் மேல் அம்மாவுக்கு என்று பெரிதாக எழுதி.

நான் யாரோ சொன்னதைக் கேட்டுச் சண்டைக்குப் போகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். என் காதாலேயே கேட்க வேண்டும் என்று முடிவு செய்து, போன செவ்வாய்க்கிழமை காஃபயாத்தேவுக்குப் போய், சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சுற்றுலா அலுவலகத்தில் புதன்கிழமை வேனுக்கு ஓர் இடம் கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பெயர் கேட்டாள். அனஸ்தாசியோ குவாய்மாஸ் என்று நிறுத்திச் சொன்னேன். எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டு, சாப்பாடு சைவமா அசைவமா என்று கேட்டாள். தினமும் அவர்கள் கொன்றுகொண்டிருக்கும் மனிதன் எதிரே நின்று சீட்டு வாங்குகிறான், அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அசைவம் என்றேன். உயரமான இடம், தலை சுற்றினால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள் தாத்தா என்று புத்தி வேறு சொன்னாள்.

வழிகாட்டி யார் என்று நினைக்கிறாய், உன் சித்தப்பா செனோனின் மகள் சுலேமாதான். வேனை ஓட்டுவது செனோன். இரண்டு பேரும் இந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது, பள்ளத்தாக்கைக் காட்டும் வேலை என்று மட்டும் என்னிடம் சொன்னார்கள், எதைச் சொல்லிக் காட்டுகிறார்கள் என்று சொல்லவில்லை. எனக்கு வழிகாட்டி அட்டை கொடுக்க மறுத்தார்களே, பள்ளிச் சான்றிதழ் இல்லை என்று, அதிலிருந்து நானும் அந்த வேன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. காலையில் என்னைக் கண்டதும் சுலேமாவுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. ஓரமாக இழுத்துக்கொண்டு போய், “பெரியப்பா, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன், கடைசி நிறுத்தம் வரைக்கும் வாயத் தொறக்காதீங்க, இதுல என் வேலை இருக்கு” என்றாள். சரி என்று சொன்னேன். முன் சீட்டில் ஏறப் போனேன். செனோன் கண்ணாடி வழியாகப் பார்த்து, “அண்ணே, செத்தவங்களுக்குப் பின் சீட்டுதான், முன்னாடி ஒக்காந்தா வண்டி ராசி கெட்டுடும்” என்றான். அவனுக்கு எழுபத்தொரு வயது ஆகிறது, இன்னும் அதே வாய்.

கூட வந்தவர்கள் நல்ல மனிதர்கள், அதைச் சொல்லியாக வேண்டும். ரொசாரியோவிலிருந்து ஒரு கணவன் மனைவி, அந்த அம்மாள் முப்பது வருடம் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்தவராம், பெயர் ஓஃபேலியா. அவருடைய கணவர் வழி முழுக்கத் தூங்கினார். ஹாலந்திலிருந்து இரண்டு நெட்டைப் பையன்கள், வேன் கூரையில் தலை இடிக்காமல் அவர்களால் உட்கார முடியவில்லை. நான் அவர்களுக்கு ஊர்க்காரன், சும்மா சவாரிக்கு வந்தவன். தவளைப் பாறையில் இறங்கினோம், வட்டச்சுவர் பாறையில் இறங்கிக் கைதட்டி எதிரொலி கேட்டோம். காலையில் உறைபனி, பதினொரு மணிக்குள் வெயில் தோளைச் சுட ஆரம்பித்தது. அந்த மண் நிறம் எனக்கு இன்னும் சலிக்கவில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் இந்த மலை எரிமலையால் சிவந்தது என்று சுலேமா சொன்னாள். நம் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கிப் பாறை ஆராய்ந்த இஞ்சினியர் விட்டுப்போன புத்தகத்தை நான் ஏழு முறை படித்திருக்கிறேன். அது ஏரியின் அடி, மகளே. சிவப்பு வெறும் இரும்புத் துரு. நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் இல்லை என்று தலையை ஆட்டினேன். தலையை ஆட்டக் கூடாது என்று பேச்சு இல்லை. ஓஃபேலியா அம்மாள் கவனித்துவிட்டு, “இவரு தலை ஆட்டுறாரு, கவனிச்சியாம்மா, எரிமலை தப்பு போலருக்கு” என்று சுலேமாவிடம் சொன்னார். வகுப்பில் கடைசி வரிசைப் பையனைக்கூட விடாத கண் அது.

பிறகு பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரியும் கவைக்கு வந்தோம். உனக்கு நினைவிருக்கும், நம் கோவேறு கழுதை பலோமா உப்பு ஏற்றி வந்தபோது விழுந்து செத்த இடம். தரை பாறையாக இருந்ததால் தோண்ட முடியாமல் நானும் செனோனும் கல் அடுக்கி மூடினோம். அவ்வளவுதான் அந்தக் குவியலின் கதை. ஆனால் நம் ஜனங்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும், வழியில் ஒரு கற்குவியலைக் கண்டால் ஒரு கல்லை எடுத்து வைத்து, மென்ற கோக்கா இலையை அதில் ஒட்டி, தங்கள் களைப்பை அங்கே இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். இது எந்தக் குவியல், யார் வைத்தது, அடியில் என்ன என்று ஒருவனும் கேட்க மாட்டான். நானே கேட்டதில்லை, அடியில் இருப்பது என் கழுதை என்று தெரிந்தும் போகும்போதெல்லாம் ஒரு கல் வைத்திருக்கிறேன். இப்போது அது என் மார்பு உயரம் வந்துவிட்டது. கம்பெனிக்காரன் லிசாந்த்ரோ அதன் மேல் ஒரு மரச் சிலுவை நட்டு என் பெயரை வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கிறான். பிளாஸ்டிக் பூ. தாகத்தில் செத்தவன் என்பதால் சுற்றிலும் தண்ணீர் பாட்டில்கள், இருபதுக்குக் குறையாது, வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போனவை.

சுலேமா என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். கிழவனுக்கு ஒரே மகள், கடல் கடந்து போனாள், ஒரு கடிதம்கூடப் போடவில்லை, அவன் புத்தி பேதலித்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இந்தப் பள்ளத்தாக்கில் அலைந்தான், வழி தவறினான், மூன்றாம் நாள் விழுந்தான். ஹாலந்துப் பையன்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஓஃபேலியா அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கல்லைத் தேடிக் குனிந்தார். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன், தெல்ஃபினா, வாய் பேசவில்லை. ஆனால் வெயில், மதியம், காலையில் சாப்பிட்ட எம்பனாதாவில் உப்பு அதிகம். ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிக் குடித்தேன். அம்மாள் அதிர்ந்துபோய், “ஐயா, என்ன காரியம் பண்றீங்க, அது செத்தவருக்கு வச்ச தண்ணி” என்றார். “அம்மா, செத்தவருக்குத்தான் தாகம்” என்றேன். அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தார், சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். பிறகு பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி அட்டையைக் கொடுத்து, “பேரு, ஊரு, எல்லாம் சரியா இருக்கு. இவரு உயிரோடதான் இருக்காரு” என்று எல்லோருக்கும் அறிவித்தார். தூங்கிக்கொண்டிருந்த கணவர் அப்போதுதான் வேனிலிருந்து இறங்கி வந்து, யார் செத்தது என்று கேட்டார்.

சுலேமா தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். “நான் எழுதலை பெரியப்பா, லிசாந்த்ரோ எழுதிக் குடுத்தான். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கன்னு சொன்னான். எல்லாருக்கும் யாரு சொன்னாங்கன்னா” என்று சொல்லி நிறுத்தி, தன் அப்பாவைப் பார்த்தாள். செனோன் வேன் கதவில் சாய்ந்து சிகரெட் பற்ற வைத்துக்கொண்டிருந்தான். என் சொந்தத் தம்பி. நான் அவனிடம் போய், எதற்கடா என்னைக் கொன்றாய் என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். “நீ கேக்கறதால சொல்றேன் அண்ணே. தெல்ஃபினா ஊர விட்டுப் போன அன்னைக்கு என் வண்டியிலதான கூட்டிட்டுப் போனேன். இந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னா. எறங்குனா. ஒரு கல் வச்சா. கல் மேல தலைய வச்சு அரை மணி நேரம் அழுதா. பஸ்ஸு போயிடும்னு நான் ஆரன் அடிச்சும் எந்திரிக்கலை. வழியில நான் வண்டியோட பின்பக்கம் ஏத்திக்கிட்ட ரெண்டு வெளியூர்ப் பசங்க, யாரு இங்க பொதைஞ்சிருக்காங்கன்னு கேட்டானுங்க. அவ அப்பன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்றது, அவ கழுதைக்கா அழுதா? நீ அன்னைக்கு வழியனுப்ப வரலை. தொழுவத்துல நின்ன. எனக்கு அன்னைக்கு நீ செத்தவன்தான்.” அந்தப் பசங்கள் காஃபயாத்தேயில் போய்ச் சொல்லி, அங்கே ஒரு வாய்க்கு இன்னொரு வாய் சேர்ந்து, கடைசியில் லிசாந்த்ரோவின் காகிதத்துக்கு வந்திருக்கிறது.

 இங்கே உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று காலை நீ கண் கலங்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாய் என்று உன் அம்மா சொன்னாள். அதை நான் ஆறு வருடமாக மனதில் வைத்திருந்தேன். கல் நெஞ்சுக்காரி, போகட்டும் என்று இருந்தேன். நீ போனில் பேசும்போதெல்லாம் நான் ஆடு பார்க்கப் போய்விடுவது அதனால்தான், ஆடுகள் தானாகவே வீட்டுக்கு வரும். தொழுவத்துக் கதவு உடைந்துவிட்டது, ஆடுகள் வெளியே போய்விடும், அதனால்தான் பேருந்துக்கு வர முடியவில்லை என்று உனக்கும் ஊருக்கும் சொன்னேன். கதவு உடையவில்லை. நான் அங்கே நின்று தாழ்ப்பாளைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். நீ வந்து கூப்பிடுவாய் என்று நினைத்தேன். நீ, அப்பா வருவார் என்று நினைத்திருக்கிறாய் போலிருக்கிறது. இதை இனி ஒரு முறை எழுத மாட்டேன், அதனால் இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வை.

பிறகு என்ன, நானும் ஒரு கல்லை எடுத்து அந்தக் குவியல் மேல் வைத்தேன். ஓஃபேலியா அம்மாள் தான் பொறுக்கிய கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, “நீங்க உயிரோட இருக்கீங்க, இப்ப இத நான் வைக்கலாமா வேணாமா” என்று கேட்டார். வையுங்கள், கீழே ஒரு நல்ல ஜீவன் இருக்கிறது, உங்கள் களைப்பும் இறங்கும் என்றேன். கழுதை என்று கேட்டதும் ஹாலந்துப் பையன்கள் மறுபடி தொப்பியைக் கழற்றினார்கள், மரியாதை தெரிந்த பிள்ளைகள். மிச்ச வழிக்கு சுலேமா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, “பெரியப்பா, நீங்களே சொல்லுங்க” என்றாள். சொன்னேன். ஏரி, துரு, சாய்ந்த பாறை அடுக்கு, ஊசிவாசல் இடுக்கில் காற்று எந்த நேரத்தில் திரும்பும், எல்லாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிய வேண்டிய சுற்று இருட்டுகிற நேரத்தில்தான் முடிந்தது, செனோன் நான்கு முறை ஹாரன் அடித்தான்.

லிசாந்த்ரோ அலுவலக வாசலில் நின்றிருந்தான். முப்பது வயதுகூட இருக்காது, காலில் வெள்ளைச் செருப்பு, மோசமானவன் இல்லை, கதையை நிஜம் என்றே நம்பியிருக்கிறான். என்னைப் பார்த்ததும் கைகுலுக்கி, மன்னிக்கணும் ஐயா, நாளைக்கே ரெண்டு ஆளை விட்டு அந்தக் கல்லையெல்லாம் அள்ளி ஆத்துல கொட்டிடறேன் என்றான். எனக்கு வந்த கோபத்தில் என் கைத்தடி அவன் செருப்புக்குப் பக்கத்தில் இறங்கியது. ஒருவன் இறக்கி வைத்த களைப்பை இன்னொருவன் எடுத்து எறிவதா. அதில் எத்தனை பேருடைய கல் இருக்கிறது, அதில் உன் கல்லும் இருக்கிறது. ஒரு கல் அசையக் கூடாது என்றேன். அவன் குழம்பிப்போய், “ஐயா, நீங்கதான அது வேணாம்னு சண்டைக்கு வந்தீங்க” என்றான். கல் வேண்டும், கதைதான் வேண்டாம் என்றேன். அப்படியானால் சிலுவையில் பலோமா என்று மாற்றி எழுதுகிறேன் என்றான். பலோமா பெண் பெயர், அப்படி எழுதினால் எல்லோரும் அது என் பெண்டாட்டி என்று நினைப்பார்கள், அடுத்த மாதம் உன் அம்மாவைச் சாகடிப்பார்கள், அவள் என்னை மாதிரி பொறுமைசாலி இல்லை என்று சுலேமா எடுத்துச் சொன்னாள். ஓஃபேலியா அம்மாள் அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் பேனாவை அவன் கையிலேயே கொடுத்து, தான் சொல்லச் சொல்லப் புதுக் காகிதம் எழுத வைத்தார். இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தவும் செய்தார். மண்வெட்டி விஷயம் மட்டும் இன்னும் பாக்கி, ஊர்க்குழு சனிக்கிழமை கூடுகிறது, படம் பிடிக்கிறவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் விடுவதாக இல்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், அடுப்புச் சூட்டிலிருந்து நேராகக் குளிரில் இறங்கி நடக்காதே, கழுத்தில் துணி சுற்று. கடவுளும் பூமித்தாயும் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் கை பட்ட மாவு எப்போதும் பொங்கட்டும். இனி ஆக வேண்டியதை எழுதுகிறேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டிவிட்டேன், அதனால் யாரும் பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. லிசாந்த்ரோ திங்கட்கிழமைக்குள் சிலுவையில் இருக்கும் என் பெயரைச் சுரண்டி எடுக்க வேண்டும், சிலுவை நிற்கட்டும், பெயர் இல்லாமல் நிற்கட்டும். சுலேமா எரிமலையை விட்டுவிட்டு ஏரியைச் சொல்ல வேண்டும், இஞ்சினியர் புத்தகத்தை அவளுக்குக் கொடுத்தாயிற்று, ஆகஸ்டுக்குள் ஒரு முறையாவது படித்து முடிக்க வேண்டும். செனோன் சனிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று, என்னைக் கொன்றது தான்தான் என்று எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். கிரிசாந்தோ மண்வெட்டியை வெள்ளிக்கிழமையே என் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனால் அவனுக்கு மரியாதை. உன் அம்மா களிம்பைத் தன் காலுக்குப் போட வேண்டும். நீ ஒன்றாம் தேதி இங்கே நண்பகல், அங்கே மாலை ஐந்து மணி, அடுப்பை யாரிடமாவது விட்டுவிட்டு, மண் இருக்கும் இடமாகப் பார்த்துப் போய், குடிக்க எடுத்ததில் முதல் மிடறைப் பூமித்தாய்க்குக் கீழே ஊற்றிவிட்டு, பிறகு போன் செய்ய வேண்டும், அம்மாவிடம் அல்ல, என்னிடம். எப்போது வருகிறாய் என்று தேதியும் நீதான் எழுத வேண்டும், இந்த வருடம் முடியாவிட்டால் அடுத்த வருடத்துத் தேதி, ஆனால் தேதி. அன்று காலை ஆறு மணிக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு பேருந்து நிற்கும் இடத்துக்கு வர வேண்டியது நான்.

உன் அப்பா
அனஸ்தாசியோ குவாய்மாஸ்